தேக்கரண்டி

கடைசி டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு
ஒன்பது மாடி ஏறி வருகிறேன்.
லிஃப்ட் ஓடவில்லை, வழக்கம்போல.
பூட்ஸைக் கழற்றும் முன்பே
கணினியை எழுப்புகிறேன்.

நாலு மாதமாக ஒரே பாட்டைக்
கட்டிக்கொண்டிருக்கிறேன்.
யார்க்ஷயரில் எங்கோ நாலு பையன்கள்
எனக்கு ஏழு வயதாக இருந்தபோது பாடி வைத்தது.
போஸ்னானுக்கு அது வந்து சேர்ந்தபோது
எனக்குப் பதின்மூன்று.
வானொலியில் வந்தது, பாதி இரைச்சலாக.

இப்போது அந்த நால்வருக்கும் பதில் மென்பொருள்.
டிரம்ஸில் ஒரு குமிழ் இருக்கிறது:
மனிதத்தன்மை, பூஜ்யத்திலிருந்து நூறு வரை.
நூறில் வைத்தால் குடிகாரன்.
பூஜ்யத்தில் எங்கள் கண்காணிப்பாளர் ஸெனோன்.
முப்பத்தேழில் நிறுத்தியிருக்கிறேன்.

பேஸ் கிட்டார் சுலபம்.
அந்தப் பையன் நாலாவது தந்தியைத் தொடவே இல்லை.
ஆர்கன்தான் உயிரை வாங்கியது.
பதினொரு ஆர்கன் இறக்கிப் பார்த்தேன்,
ஒன்றுகூட அழவில்லை.
ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் போல
எல்லாம் நல்ல பிள்ளையாய் உட்கார்ந்திருந்தன.
பன்னிரண்டாவதைக் கொஞ்சம் பழுதாக்கிய பிறகு
மூக்கை உறிஞ்சியது.

சுருதி இ-க்கும் எஃப்-க்கும் நடுவே எங்கோ நிற்கிறது,
பேட்டரி சோர்ந்த நேரத்தில் பதிந்ததால்.
அதை நான் திருத்தவில்லை.
எனக்குத் தெரிந்த பாட்டு அதுதான்.

இசைத்தட்டில் இருப்பது வேறு.
நாற்பது வயதில் அதை வாங்கிக் கேட்டேன்,
துடைத்த மேஜை மாதிரி இருந்தது.
மூன்றாம் சரணத்துக்காகக் காத்திருந்தேன்.
வரவில்லை.
ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தேன்.
வரவில்லை,
கண்ணாடி டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம்.

அண்ணன் ஸாவிஷா அன்றைக்கு
வானொலிக்கு எதிரே நாற்காலியில் மைக்கைச் சாய்த்துவிட்டு
யாரும் மூச்சு விடக்கூடாது என்றான்.
அம்மா விடவில்லை. நான் விடவில்லை.
அப்பா மட்டும் தேநீரோடு வந்து உட்கார்ந்தார்.
இரும்புக்கடையில் தீப்பிடித்த சத்தம் என்று
இந்த இசைக்குப் பெயர் வைத்திருந்தவர்.
ஸாவிஷா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

மென்பொருளில் கண்ணாடிச் சத்தம் நாற்பத்தாறு வகை.
உடைவது, உரசுவது, கல்யாணத்தில் முட்டிக்கொள்வது.
தகரப் பிடி போட்ட டம்ளரில்
அலுமினியக் கரண்டி மட்டும் இல்லை.
போன செவ்வாய் அதிகாலை மூன்றே காலுக்கு
சமையலறையில் நானே கலக்கினேன்.
கீழ்வீட்டு க்ளோதில்டா துடைப்பக் கட்டையால்
தன் வீட்டுக் கூரையை இடித்தாள்.
அதுவும் பதிந்துவிட்டது.
தனித் தடத்தில் வைத்திருக்கிறேன், தேவைப்படலாம்.

ஆனால் என் கரண்டி இடத்தில் விழவில்லை.
அப்பாவுடையதை அளந்துவிடலாம் என்று
நேற்றிரவு பழைய கேசட்டை உள்ளே ஏற்றினேன்.
ஒலியலையை விரித்துக்கொண்டே போனேன்,
ஒரு நொடி திரை முழுக்கப் பரவும்வரை.
கட்டக் கோடுகள் வரிசையாக நின்றன.
டிரம்ஸ்காரன் கோட்டுக்குப் பின்னால் விழுகிறான்,
பேஸ் முந்திக்கொள்கிறது,
பாடுகிறவன் எங்கேயோ இருக்கிறான்.
கரண்டி மட்டும்
ஒவ்வொரு கோட்டின் தலையிலும்.
பதினாறு தடவை.
கோரஸ் வந்ததும் இரட்டை வேகம்.

அப்பா தேநீரில் சர்க்கரை போட்டதே இல்லை.

பூட்ஸோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
முதல் டிராம் வார்த்தா ஆற்றுப் பாலத்தில் ஏறியது.
ஓட்டுவது யாரோ அவசரக்காரன்,
வளைவில் கிறீச்சிட்டதிலேயே தெரிந்தது.
பிறகு டிரம்ஸைத் தேர்ந்தெடுத்தேன்,
பேஸை, ஆர்கனை, குரலை.
கரண்டியைத் தொடாமல்
மற்றதை எல்லாம் அதன் பக்கம்
நகர்த்த ஆரம்பித்தேன்.

கீல் துறைமுகத்திலிருந்து ஸாவிஷா எழுதியிருக்கிறான்:
அந்தக் கேசட் உன்னிடம்தானே இருக்கிறது?
கரண்டிச் சத்தத்தை மட்டும் உருவி எடுக்க
இப்போது மென்பொருள் வந்துவிட்டதாமே.